வழியில் குளிர் போகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் முறை

பாலோ இறைச்சியோ மீனோ சமைத்த உணவோ, போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிட்டால் பழி முதலில் பெட்டியின் மேல்தான் விழுகிறது. நல்ல பெட்டி வாங்கியும் அடுத்த முறை அதே கதை. காரணம் எளிது: ஐஸ் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. வெளியே இருக்கும் சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். வந்த சூட்டை உள்ளே இருக்கும் ஐஸ் விழுங்குகிறது. எனவே எந்தக் கோளாறாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் சூடு எந்த வழியாக வந்தது? சாமானோடு சேர்ந்தே ஏறியிருக்கலாம். சுவர் வழியாக ஊடுருவியிருக்கலாம். மூடியோ கதவோ திறந்தபோது புகுந்திருக்கலாம். காய்கறி, பழம் என்றால் சாமானே சூட்டை உண்டாக்கியிருக்கலாம். எந்த வழி என்பதை அறிகுறியே சொல்லிவிடும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் தெர்மாமீட்டரைச் சோதியுங்கள்

தப்பாகக் காட்டும் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு கோளாறு தேடினால் நாள்தான் வீணாகும். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸைப் போடுங்கள். இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். தெர்மாமீட்டரின் முனை டம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் நடுவில் நிற்கட்டும். 0 டிகிரி காட்ட வேண்டும். ஒரு டிகிரி வரை முன்பின் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் சரிசெய்யுங்கள், அல்லது மாற்றுங்கள். ஐஸ் குறைவாகவும் தண்ணீர் அதிகமாகவும் இருந்தால் இந்தச் சோதனையே பொய்யாகிவிடும். ஐஸ் மிதக்காமல் அடி வரை அடைந்து நிற்க வேண்டும்.

அடுத்தது, எங்கே அளப்பது. பெட்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலை மூடியைத் திறந்த நொடியிலேயே ஏறிவிடும். சாமானின் வெப்பநிலை ஏற நேரமாகும். இரண்டு பொட்டலங்களை நெருக்கி, நடுவில் முனையைச் செருகி, எண் நகராமல் நிற்கும்வரை காத்திருந்து படியுங்கள். பிரிக்கக்கூடிய பொட்டலமானால் சுத்தம் செய்த முனையை உணவின் நடுவிலேயே செருகுங்கள். கீழே சொல்லும் வெப்பநிலை எல்லாம் செல்சியஸில், சாமானின் வெப்பநிலை.

எவ்வளவு குளிர் வேண்டும் என்பதற்கு, கெடும் உணவுகளை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்வது பற்றி ஜெனீவாவில் 1970இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் வரம்புகள் நல்ல அளவுகோல்: ஐஸ்கிரீம் கழித்தல் 20, விரைவு முறையில் உறைய வைத்த மற்ற உணவுகள் கழித்தல் 18, கொத்திய இறைச்சி 2, கோழி 4, காய்ச்சாத பால் 6, ஆடு மாட்டு இறைச்சி 7 டிகிரி, இவற்றைத் தாண்டக் கூடாது. பச்சை மீன் உருகும் ஐஸின் குளிரிலேயே இருக்க வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் இதைவிடக் கண்டிப்பாக இருந்தால் அதுவே செல்லும்.

அறிகுறி: ஐஸ் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது

கண்ணளவில் ஐஸ் போடுவதால் வரும் கோளாறு இது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வந்துவிடும்.

ஒரு கிலோ ஐஸ் 0 டிகிரியிலேயே உருகி முடிக்க 334 கிலோஜூல் சூட்டை விழுங்கும். உங்களிடம் 50 × 40 × 35 சென்டிமீட்டர் தெர்மோகோல் பெட்டி ஒன்று இருக்கிறது, சுவர் 3 சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பக்கமும் சேர்த்துப் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். தெர்மோகோலின் வெப்பக் கடத்துத்திறன் 0.035 வாட் அளவில் இருக்கும். வெளியே 33, உள்ளே 3 டிகிரி, வித்தியாசம் 30. அப்படியானால் 0.035-ஐ 0.03-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்க, சுவர் வழியாக 35 வாட் சூடு ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. மணிக்கு 126 கிலோஜூல். அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 380 கிராம் ஐஸ். எட்டு மணி நேரப் பயணத்துக்குச் சுவருக்கு மட்டுமே 3 கிலோ. இதே பெட்டியின் சுவர் 5 சென்டிமீட்டராக இருந்திருந்தால் 1.8 கிலோ போதும்.

இனி சாமானின் கணக்கு. 10 கிலோ பாலை 4 டிகிரிக்குக் குளிரவைக்காமல் 15 டிகிரியில் ஏற்றிவிட்டீர்கள். அந்த 11 டிகிரியை இறக்க 430 கிலோஜூல் வேண்டும், ஏறத்தாழ 1.3 கிலோ ஐஸ் அதற்கே போய்விடும். மூன்றரை மணி நேரத்துக்குச் சுவரைச் சமாளிக்க இருந்த ஐஸ் அது. இதனால்தான் சாமானை முந்தைய நாளே குளிரவைக்கச் சொல்கிறோம். பெட்டியையும் அப்படித்தான்: வெயிலில் கிடந்த பெட்டியில் நேரே அடுக்காமல், முந்தைய இரவு உள்ளே கொஞ்சம் ஐஸ் போட்டு மூடிவைத்து, காலையில் அதை எடுத்துவிட்டுப் புது ஐஸ் போடுங்கள்.

வந்த கணக்கோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். மூடி திறப்பது, வண்டி தாமதமாவது, வெயில் எல்லாம் அந்தப் பாதிக்குள் அடங்கும்.

"பிரீசரை இன்னும் குறைத்து வைத்தால் ஐஸ் அதிக நேரம் நிற்காதா?" என்ற கேள்வி அடிக்கடி வரும். கழித்தல் 18-இலிருந்து 0 வரை ஏறுவதில் ஒரு கிலோ ஐஸ் விழுங்குவது 38 கிலோஜூல்தான்; உருகும்போது விழுங்குவதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். எனவே இன்னும் குளிரவைப்பதைவிட முழுக்க உறையவைப்பதுதான் முக்கியம். ஜெல் பேக் வெளியே கல்லாகவும் உள்ளே கூழாகவும் இருந்தால் கையில் இருப்பது பாதி ஐஸ்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெரிய பேக்குகள் வீட்டு பிரீசரில் முழுக்க உறைய ஒரு நாள் போதாமல் போகலாம். இடைவெளி விட்டுத் தனித்தனியே வையுங்கள். எடுக்கும்போது நடுவில் அமுக்கிப் பாருங்கள்.

கணக்குச் சரியாக இருந்தும் ஐஸ் தீர்ந்தால் மூன்று இடத்தைப் பாருங்கள். மூடி விளிம்பில் விரல்நகம் நுழையும் சந்து இருந்தால் சுற்றிலும் டேப் ஒட்டுங்கள். கீழே தண்ணீர் போகும் துளையின் அடைப்பான் கழன்றிருந்தால் கனமான குளிர்காற்று அந்த வழியே ஒழுகிப் போய்விடும். பெட்டி வெயிலில் நின்றிருந்தால் மேற்பரப்பு காற்றைவிட வெகுவாகச் சூடேறும். மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியைவிட இருபது டிகிரிக்கு மேல் கூடிவிடும். அப்போது மேலே போட்ட கணக்கில் 30 இருந்த இடத்தில் 50 வந்து உட்காரும். வெள்ளைத் துணியோ பளபளக்கும் போர்வையோ போர்த்துங்கள். டிக்கியில் வைக்காமல் ஏசி வரும் இடத்தில் வையுங்கள்.

அறிகுறி: ஐஸ் அப்படியே இருக்கிறது, சாமான் மட்டும் சூடு

ஐஸும் சாமானும் ஒரே பெட்டிக்குள் இருந்தும் ஒன்றை ஒன்று தொடவில்லை என்று பொருள். எல்லா ஐஸையும் அடியில் போட்டு மேலே அடுக்கினால் குளிர்காற்று கீழேயே தேங்கி நிற்கும். மேல் அடுக்கு மூடி வழியாக வரும் சூட்டை வாங்கிக்கொண்டிருக்கும். அடியில் ஒரு அடுக்கு, நான்கு பக்கமும் நிறுத்திவைத்த பேக்குகள், மேலே ஒரு அடுக்கு என்று சாமானைச் சுற்றிக் கட்டுங்கள். பேக் போதவில்லை என்றால் அடியைத் தியாகம் செய்யலாம், மேலே இருப்பதை ஒருபோதும் செய்யக் கூடாது.

மிச்சம் இருக்கும் வெற்றிடத்தைக் கசக்கிய காகிதத்தால் நிரப்புங்கள். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக் காற்றுதான் முழுதாக மாறுகிறது.

சமைத்த உணவில் இந்த அறிகுறி வந்தால் காரணம் வேறு: அது உள்ளே போகும்போதே நடுவில் வெதுவெதுப்பாக இருந்திருக்கும். பெரிய பாத்திரத்தில் மேற்பரப்பு சில்லிட்டாலும் நடு ஆறாது. 5 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் வராமல் அகலத் தட்டுகளில் பரப்பி, ஐஸ் தண்ணீரில் அமர்த்துங்கள். 60 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5-க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும். அதற்குப் பிறகே பெட்டி.

அறிகுறி: ஓரத்தில் இருப்பது உறைந்துவிட்டது, நடுவில் இருப்பது சூடு

கீரை கருத்துப் போகும், பால் திரிதிரியாகும், முட்டை விரிசல் விடும். கழித்தல் 18-இல் இருந்த பேக்கை எடுத்த எடுப்பில் சாமானோடு ஒட்டிவைத்ததுதான் காரணம். தடுப்பூசி எடுத்துச் செல்பவர்கள் செய்வதை நாமும் செய்யலாம்: பேக்குகளை மேசையில் ஒரே வரிசையில் பரப்பி, மேலே பூத்த உறைபனி போய் வியர்க்கத் தொடங்கும்வரை விடுங்கள். தண்ணீர் நிரப்பிய கெட்டி பேக் என்றால் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். உள்ளே ஐஸ் லேசாக நகர்ந்து தண்ணீர் சலசலக்கும். அந்தச் சத்தம் கேட்டால் பேக் 0 டிகிரிக்கு வந்துவிட்டது. இனி எதையும் உறையவைக்காது. இதில் இழக்கும் ஐஸ் கொஞ்சம்தான். அவசரத்துக்கு நேரம் இல்லை என்றால் பேக்குக்கும் சாமானுக்கும் நடுவே ஒரு அட்டை.

அறிகுறி: மற்றதெல்லாம் நன்றாக இருக்க, ஐஸ்கிரீம் மட்டும் இளகுகிறது

எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் இது தீராது. சாதாரண ஐஸ் 0 டிகிரியில்தான் உருகுகிறது; ஐஸ்கிரீமோ கழித்தல் 12 வாக்கிலேயே மெத்தென்றாகிவிடும். ஐஸைவிடக் குளிர்ந்த ஒன்றை ஐஸ் காப்பாற்ற முடியாது. வெளித்தோற்றத்தில் கெட்டியாக வந்தாலும், வழியில் இளகி மறுபடி உறைந்தால் நாக்கில் மணல்போல் நெருடும். சின்னச் சின்ன ஐஸ் படிகங்கள் உருகி, பெரியவற்றோடு சேர்ந்து உறைவதால் வரும் நெருடல் அது. திரும்ப உறையவைத்துச் சரிசெய்ய முடியாது.

வழி இரண்டு. கழித்தல் 21 டிகிரியில் உருகும் பேக்குகள் கிடைக்கின்றன. உப்புக் கரைசல் உள்ளவை. இவற்றை உறையவைக்கக் கழித்தல் 18 பிரீசர் போதாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கழித்தல் 25 அல்லது அதற்குக் கீழே போகும் பிரீசர் வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் குளிர்ந்த உப்புத் தண்ணீர்.

மற்றது டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. கழித்தல் 78.5 டிகிரியில் நேராக வாயுவாகிவிடும். சாமானின் மேல் காகிதம் விரித்து அதன்மேல் வையுங்கள், குளிர் கீழே இறங்கும். கனமான கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பெட்டியைக் காற்றுப்புகாமல் ஒருபோதும் மூடாதீர்கள்: ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடாகும், வழி இல்லாவிட்டால் பெட்டி வெடிக்கும். காரில் கொண்டுபோனால் கண்ணாடி இறக்கியே ஓட்ட வேண்டும். தலைவலியோ மூச்சுத் திணறலோ தோன்றினால் அந்த நொடியே வண்டியை நிறுத்தி வெளியே வாருங்கள். விமானத்தில் ஒருவர் 2.5 கிலோ வரை, அதுவும் விமான நிறுவனத்தின் அனுமதியோடும் வாயு வெளியேறும் பெட்டியோடும் மட்டுமே. சாதாரணக் குளிர் போதுமான பொருள்களோடு டிரை ஐஸை ஒரே பெட்டியில் போடாதீர்கள், எல்லாம் கல்லாகிவிடும்.

அறிகுறி: மீன் குளிராக இருந்தும் வாடை, வழவழப்பு

உருகிய தண்ணீரில் ஊறியிருக்கிறது. மீனுக்கு ஐஸ் இரண்டு வேலை செய்கிறது: குளிர்விக்கிறது, உருகி வழியும்போது கழுவியும் விடுகிறது. தண்ணீர் வெளியேறாவிட்டால் கழுவிய அழுக்கிலேயே மீன் கிடக்கும். துளையைத் திறந்துவையுங்கள், அல்லது அடியில் தட்டி வைத்து உயர்த்துங்கள். வெயில் காலத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ், அடுக்கு அடுக்காக. சுத்தம் செய்த மீனின் வயிற்றுக்குள்ளும் ஐஸ். பாறைபோன்ற கட்டிகள் நெடுநேரம் நிற்கும், ஆனால் மீனை ஆங்காங்கேதான் தொடும்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி வகைகளில் கூடுதல் கவனம் தேவை. இவை சூடானால் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். வாடை தெரியாமலும் இருக்கலாம். சமைத்தாலும் அது அழியாது. இந்த மீன்கள் வழியில் சூடாகிவிட்டன என்று தெரிந்தால் கொதிக்கவைத்துத் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

(மூடிய பாட்டில்கள், டின்கள் மட்டும் இருக்கும் பெட்டியில் உருகிய தண்ணீரை வடிக்காதீர்கள். காற்றைவிட அது நன்றாகக் குளிரவைக்கும்.)

அறிகுறி: அட்டை நைந்து, லேபிள் கழன்று வருகிறது

குளிர்ந்த சாமானைச் சூடான, ஈரமான காற்றில் அடுக்கியிருக்கிறீர்கள். குளிர்ந்த அறையிலேயே அடுக்கி மூடுங்கள். பேக்குகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, கீழே உறிஞ்சும் தாள் விரியுங்கள். மூடாத உணவின்மேல் மூடியிலிருந்து சொட்டு விழுந்திருந்தால் அந்த உணவு வேண்டாம்.

அறிகுறி: பழம், காய் குளிரில் இருந்தும் கருக்கிறது

குளிர் கூடிப்போய்விட்டது. வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் மங்கிக் கருக்கும். பச்சைத் தக்காளியும் ஏறத்தாழ அப்படியே, வெள்ளரிக்கு 10. இவற்றை இறைச்சிப் பெட்டியில் சேர்க்காமல் தனியாக, நிழலில், காற்றோட்டமாகக் கொண்டுபோங்கள். பறித்த பிறகும் மூச்சுவிடும் பொருள்கள் என்பதால் இறுக்கி அடைத்தால் தாமே சூடேறும்.

அறிகுறி: குளிர்பதன வண்டியின் திரை 2 காட்டுகிறது, சாமான் 9 இருக்கிறது

திரை காட்டுவது காற்றை. அதுவும் இயந்திரத்துக்குத் திரும்பி வரும் காற்றையோ, அதிலிருந்து புறப்படும் காற்றையோ. வண்டியின் பின்கோடியில் இருக்கும் சாமானுக்கும் அந்த எண்ணுக்கும் உறவு இல்லாமல் போகலாம். வெப்பநிலையைத் தானாகப் பதிவுசெய்யும் லாகர் கருவி ஒன்றைக் கதவுக்கு அருகில் மேல் அடுக்கின் நடுவிலும், இன்னொன்றை முன்பக்கத்திலும் வைத்து ஒரு பயணம் ஓட்டுங்கள். பிறகு வரைபடத்தைப் பாருங்கள்.

சில மணிக்கு ஒருமுறை ஒரே அளவில் கூராக ஏறி உடனே இறங்கினால் அது டிஃப்ராஸ்ட், காயிலில் படிந்த பனியை இயந்திரமே உருக்கும் நேரம். கவலை வேண்டாம். நிறுத்தங்களில் மட்டும் ஏறினால் கதவு. புறப்பட்டதிலிருந்தே உயரத்தில் இருந்து மெல்ல மெல்ல இறங்கினால் சாமான் சூடாக ஏறியிருக்கிறது. வண்டியின் இயந்திரம் குளிரைக் காப்பதற்கானது, சூடான சரக்கைக் குளிரவைக்க அதற்குத் திராணி கிடையாது. முதல் இரண்டு மூன்று மணி நன்றாக இருந்து பிறகு படிப்படியாக ஏறினால் கூலிங் காயிலில் பனி அடைத்திருக்கிறது. இரவில் நன்றாக ஓடி நடுப்பகலில் மட்டும் தோற்றால் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் தூசியும் பூச்சியும் அடைத்துக் கிடக்கலாம். அதைச் சுத்தம் செய்தும் மாறாவிட்டால் வாயுக் குறைவா, பெல்ட் தளர்வா என்று மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

காயிலில் பனி அடைப்பதற்குப் பெரும்பாலும் நாமே காரணம். கதவைத் திறந்து சாமான் ஏற்றும்போது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், அது வெளியே இருக்கும் ஈரக்காற்றை இழுத்துக் காயிலில் பனியாகப் படியவைக்கும். கூண்டை முன்கூட்டியே குளிரவையுங்கள், கதவைத் திறக்கும் முன் நிறுத்துங்கள், மூடியதும் போடுங்கள். இப்போதே அடைத்திருந்தால் கையால் டிஃப்ராஸ்ட் போட்டு, முழுக்க உருகி வடியும்வரை விடுங்கள். பனியைக் கம்பியால் குத்தாதீர்கள், காயில் ஓட்டையாகும்.

முன்பக்கம் உறைகிறது, பின்பக்கம் சூடு என்றால் காற்று வழியில் மறிக்கப்படுகிறது. சுவரில் குறித்த வரம்புக் கோட்டுக்கு மேல் அடுக்கியிருக்கிறீர்களா? முன்சுவரில் காற்று திரும்பும் வழியைப் பெட்டி அடைத்திருக்கிறதா? தரைக் கால்வாய்களில் அட்டையோ பிளாஸ்டிக்கோ கிடக்கிறதா? மூன்றையும் சரிபாருங்கள்.

கதவு ரப்பருக்கு இரண்டு சோதனை. ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. நான்கு ஓரமும், முக்கியமாகக் கீழ் மூலைகளையும், இப்படிப் பாருங்கள். பிறகு ஒருவர் உள்ளே, இன்னொருவர் வெளியே கதவருகிலேயே நிற்க, மூடிப் பாருங்கள்; வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே சூடும் கசியும். இறக்கும் இடங்கள் பல என்றால் கடைசியில் இறங்குவதை முதலில் ஏற்றி, கதவுக்குப் பிளாஸ்டிக் பட்டைத் திரை போடுங்கள்.

அறிகுறி: சூடாகிவிட்டது, ஆனால் பார்க்கவும் மோக்கவும் நன்றாக இருக்கிறது

மூக்கை நம்பாதீர்கள். நோய் தரும் பாக்டீரியா பலவும் வாடையைத் தருவதில்லை. சில வகை பாக்டீரியாவின் நஞ்சு திரும்பக் கொதிக்கவைத்தாலும் போகாது. கணக்கு நேரத்தில்தான்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வழிகாட்டுதல் தெளிவானது: உண்ணத் தயாரான உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருந்த நேரத்தையெல்லாம் கூட்டுங்கள். இரண்டு மணிக்குள் என்றால் திரும்பக் குளிரவைக்கலாம். இரண்டிலிருந்து நான்கு மணி என்றால் உடனே உண்ண வேண்டும், திரும்ப ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. நான்கைத் தாண்டினால் தூக்கிப் போட வேண்டும். அமெரிக்க விதி இன்னும் கண்டிப்பு: இரண்டு மணி நேரம், வெளியே 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரே மணி நேரம். சமையலறையில் கழிந்த நேரம், வண்டியில் கழிந்த நேரம், இறக்கிவைத்துக் கையெழுத்து வாங்கிய நேரம் எல்லாம் ஒரே கணக்கில் சேரும். இடையில் ஃபிரிட்ஜில் வைத்ததால் கணக்கு முதலிலிருந்து தொடங்காது.

உறையவைத்த உணவு பாதி இளகி வந்தால் நடுவில் பாருங்கள். ஐஸ் படிகம் இன்னும் இருந்தாலோ, 4 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தாலோ திரும்ப உறையவைக்கலாம். சுவையும் பதமும் குறையும், ஆபத்து இல்லை. கெட்டியாகவே வந்தாலும் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு மூலையில் சாறு தட்டையாக உறைந்திருந்தாலோ, தனித்தனியாக இருக்க வேண்டிய துண்டுகள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தாலோ, அது வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்த சரக்கு. எவ்வளவு நேரம் உருகிக் கிடந்தது என்பதற்கு லாகர் பதிவு இல்லை என்றால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.